எஸ்தர் டீச்சர் எக்கோ பெடல் தேர்ந்தெடுத்த விதம்

1. மைதானத்தில் நடந்தது

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் ஆயுத பூஜை விழா. மில் மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். சவுண்ட் சர்வீஸ் என்னுடையது. பாக்ஸ், ஹாரன், மிக்சர், மைக் எல்லாம் என் கடைச் சாமான். மேடையில் இருந்த கிதார் ஆம்ப்ளிஃபயர் நானே கட்டியது. வாசித்தவர்கள் சுந்தரம் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழு. அவர் கீபோர்டு வாசிப்பார். குழுவுக்கு முதலாளியும் அவர்தான்.

சினிமாப் பாட்டுகள் முடிந்து வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் எஸ்தர் டீச்சர் கிதாரோடு மேடையின் நடுவுக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டீச்சர். சர்ச்சில் பாடலுக்கு வாசித்துத்தான் கிதார் படித்தார். கப்பலில் வேலை பார்த்த அண்ணன் ஒரு ஜப்பான் எலெக்ட்ரிக் கிதாரும் பை நிறைய ஹார்ட் ராக் கேசட்டுகளும் கொண்டுவந்து கொடுத்தபின் அவருடைய கை வேறு பக்கம் திரும்பிவிட்டது. சுந்தரம் அண்ணாச்சியிடம் பல மாதம் கேட்டு, நிகழ்ச்சியில் ஒரே ஒரு தனி வாசிப்புக்கு இடம் வாங்கியிருந்தார். பாட்டு அவரே போட்டது. கூட டிரம்ஸ் வாசித்த அந்தோணி அதே மில்லில் ஃபிட்டர்.

இந்த மாதிரி வாசிப்புக்கு கெயின் வேண்டும். கிதாரில் இருந்து வருகிற சிக்னலை ஆம்ப்புக்குள்ளேயே பல மடங்கு தூக்கி, அது உடைகிற அளவுக்குத் தள்ளுவது. உடைந்த சத்தம்தான் ஹார்ட் ராக்கின் குரல். டீச்சர் கேட்டுக்கொண்டதால் ஆம்ப்பில் அதற்கென்று கூடுதலாக ஒரு ஸ்டேஜ் வைத்திருந்தேன். லீட், அதாவது தனிச் சுரங்களை ஓட்டி வாசிக்கும்போது சத்தம் மொட்டையாகத் தெரியக்கூடாது என்று, பாடகர்களுக்கு வைத்திருந்த டேப் எக்கோ மிஷினை கிதாருக்கும் ஆம்ப்புக்கும் இடையில் செருகியிருந்தோம். அன்றைக்கு எல்லாக் குழுவிலும் எக்கோ போடுகிற இடம் அதுதான்.

முதல் அடியில் மைதானமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் டீச்சர் வேகம் எடுத்தார். அங்கேதான் கெட்டது. ஒரு சுரம் முடியுமுன் முந்தின சுரத்தின் எக்கோ அதன் மேல் விழுந்தது. அதற்கு மேல் இன்னொன்று. நாலைந்து சுரங்கள் சேர்ந்து ஒரே இரைச்சலாகத் திரண்டன. தாளம் எங்கே இருக்கிறது என்று அந்தோணிக்கே தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ, “ஏலே, கார்டிங் மிஷினுக்குள்ள கல்லு விழுந்துட்டுலே!” என்று கத்தினார். பஞ்சைச் சிக்கெடுக்கிற மிஷின் அது; அத்தனை பேரும் மில்லில் வேலை பார்ப்பவர்கள். சிரிப்பு அடங்கவே இல்லை. சுந்தரம் அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கிக் காட்டினார். நான் வால்யூமை இறக்கினேன்.

டீச்சர் ஓடவில்லை. கை வைத்த வரியை முடித்தார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கேபிளைக் கழற்றி நிதானமாகச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

மேடைக்குப் பின்னால் அண்ணாச்சி சொன்னார்: “டீச்சர், சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிறீகளே, அதுல ஒரு கொறையும் இல்ல. இந்தக் கர்புர் நமக்கு வேண்டாம். சீசனுக்கு மதுரையில இருந்து ஒரு லீட் கிதார்காரரக் கூட்டிட்டு வாரேன். நீங்க ரிதம் வாசிங்க.”

“கார்த்திகையில இதே மில்லுல ஆண்டு விழா இருக்குல்லா அண்ணாச்சி? அன்னைக்கு ஒரே ஒரு தடவ குடுங்க. அன்னைக்கும் இப்படித்தான்னா நானே ரிதத்துக்குப் போயிருதேன்.”

அண்ணாச்சி கோபக்காரர் இல்லை. குழுவை நம்பிப் பல குடும்பங்கள் இருந்தன. கூட்டம் சிரித்தால் அடுத்த ஊரில் கூப்பிடமாட்டார்கள். ஆனாலும், “சரி, ஒரு தடவ” என்றார்.

எனக்கும் அடி விழுந்தது. ஆம்ப் வெடித்துவிட்டது என்று ஊரில் பேச்சாகிவிட்டது. என்னிடம் ஆம்ப் கட்டச் சொல்லியிருந்த ஒரு குழுவினர் வந்து, “பொறவு பாத்துக்கிடுவோம் முருகேசா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

2. அரைத்த பிறகுதான் தாளிப்பு

அடுத்த வாரம் டீச்சர் பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். குறை சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ரெக்சின் உறையைக் கழற்றி கிதாரை எடுத்துக்கொண்டே, “முருகேசன் அண்ணாச்சி, ஆம்ப்ப மட்டும் போடுங்க. எக்கோ வேண்டாம்” என்றார்.

போட்டேன். மைதானத்தில் கெட்ட அதே இடத்தை அதே வேகத்தில் வாசித்தார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, கல்லில் வெட்டினது மாதிரி விழுந்தது. பிறகு எக்கோவைப் போட்டு, ஆம்ப்பில் கெயினைக் குறைக்கச் சொன்னார். அதுவும் நன்றாக இருந்தது. எக்கோவும் கெயினும் சேர்ந்தபோதுதான் கூழானது.

“ரெண்டும் தனித்தனியா நல்ல பிள்ளைக. சேர்ந்தாத்தான் சண்டை” என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “ஒரு வரி அடிச்சிட்டுப் பேப்பர நகத்தாம அதே வரி மேலயே மறுபடி மறுபடி அடிச்சா எப்படி இருக்கும், அப்படி இருக்கு. எழுத்து எல்லாம் இருக்கு. ஒண்ணையும் படிக்க முடியல.”

அவர் அதைச் சொன்னபோதுதான் எனக்குப் படம் மாதிரித் தெரிந்தது. எக்கோ மிஷின் முதலில் நிற்கிறது. அது கொடுக்கிற பழைய சுரமும், கை இப்போது வாசிக்கிற புது சுரமும் ஒன்றாகக் கலந்து கெயின் ஸ்டேஜுக்குள் போகின்றன. கெயின் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துவிடுகிறது. சின்னச் சத்தமாக வரவேண்டிய எக்கோவையும் அது தூக்கிப் பெரிதாக்கிவிடுகிறது. எக்கோ, கெயினுக்குப் பின்னால் வரவேண்டும். விளக்கினேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். “அரைச்ச பொறவுல்லா தாளிக்கணும்! தாளிச்சதையும் போட்டு அரைச்சிருக்கோம்.”

ஆனால் கெயின் என் ஆம்ப்புக்குள்ளே இருக்கிறது. எக்கோவை அதற்குப் பின்னால் எப்படிச் செருகுவது? அன்று மத்தியானமே ஆம்ப்பைத் திறந்தேன். கெயின் ஸ்டேஜ் முடிந்து, பாக்ஸுக்குச் சத்தம் கொடுக்கிற பவர் ஸ்டேஜ் தொடங்குகிற இடத்தில் வயரை வெட்டி, பின்பக்கத்தில் இரண்டு ஜாக் வைத்தேன். ஒன்று சிக்னல் வெளியே போக, ஒன்று உள்ளே வர. நடுவில் எக்கோ. டீச்சர் வாசித்துப் பார்த்தார். அத்தனை கெயினிலும் சுரம் முன்னால் நின்றது, எக்கோ அதன் பின்னால் நடந்து வந்தது.

ஒரு சங்கடம் மட்டும். டேப் எக்கோ மிஷின் பாடகர்களுடையது. மேடையில் அவர்களுக்கு வேண்டும். அதோடு மோட்டார் ஓடுகிற உறுமல் வேறு. கிதாருக்கென்று காலால் மிதித்துப் போடுகிற பெடல் ஒன்று தனியாக வேண்டும். ராஜபாளையத்தில் அப்படி ஒன்று விற்கிற கடையே கிடையாது.

3. பிரசாத்திடம் இருந்த இரண்டு பெட்டிகள்

அந்தோணிதான் வழி சொன்னான். “சின்ன மொதலாளிகிட்ட இருக்கு டீச்சர். ஃபாரின்ல படிக்கைல வாங்குனது. நான் ஏசி ரிப்பேருக்கு அவிய வீட்டுக்குப் போனப்ப பாத்திருக்கேன்.”

சின்ன முதலாளி என்றால் மில்லைப் பார்த்துக்கொண்ட பிரசாத். முப்பது வயது இருக்கும். போய்க் கேட்பதா என்று எனக்குத் தயக்கம். டீச்சர் ஒரு சனிக்கிழமை காலையில் கிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றுவிட்டார். போனோம்.

பிரசாத் எங்களை மாடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவர் ஓரத்தில் அவருடைய கிதார் உறைக்குள் இருந்தது. “மில்லுக்கு வந்தப்புறம் வெளிய எடுக்கவே முடியல டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே அலமாரியில் இருந்து இரண்டு சின்ன இரும்புப் பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. அவர் எக்கோ என்று சொல்லவில்லை, டிலே என்று சொன்னார். அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

பொறுமையாக விளக்கினார். பச்சை பழைய அனலாக் வகை. வாங்கின சத்தத்தைக் கைமாற்றிக் கைமாற்றித் திருப்பிக் கொடுக்கும். ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். நீண்ட இடைவெளி விட்டுத் திருப்பிச் சொல்ல அதனால் முடியாது. வெள்ளை டிஜிட்டல். வாங்கினதை அப்படியே திருப்பித் தரும். இடைவெளியும் நிறைய. எத்தனை தடவை திரும்பினாலும் முதல் சத்தம் மாதிரியே இருக்கும்.

“ரெண்டுல ஒண்ணு எடுத்துக்குங்க. ஒண்ணு எனக்கு இருக்கட்டும், என்னைக்காவது திரும்ப வாசிப்பேன். என்னைக் கேட்டா வெள்ளைதான் சொல்லுவேன். பச்சையைவிட எல்லாத்துலயும் ஒரு படி மேல.”

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஸ்பெசிஃபிகேஷனைப் படித்த எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்வான். டீச்சர் இரண்டு பெட்டிகளையும் கையில் எடுத்துப் பார்த்தார். குமிழ்களைத் திருப்பினார்.

“சார், ரெண்டையும் ஒரு வாரத்துக்குத் தாரீகளா? டிரம்ஸ் கூட வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

வேறு யாராவது என்றால், நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையா என்று முகம் சுளித்திருப்பார்கள். பிரசாத் இரண்டு பெட்டிகளையும் துணிப்பையில் போட்டுக் கையில் கொடுத்தார். “ஞாயித்துக்கிழமை வாசிச்சா நானும் வரலாமா?” என்று மட்டும் கேட்டார்.

4. சுவரைப் பார்த்து நின்றோம்

இன்ஸ்டிடியூட் தெருவைப் பார்த்த நீளமான ஹால். ஞாயிறு சர்ச் முடிந்து மத்தியானம் கூடினோம். டைப்ரைட்டர்களை டீச்சர் மூடி ஓரமாக நகர்த்தியிருந்தார். அந்தோணி மூன்று சக்கர வண்டியில் டிரம்ஸ் கொண்டுவந்திருந்தான். நான் ஆம்ப்பைக் கொண்டுபோயிருந்தேன். பிரசாத் சொன்னபடி வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதலில் டீச்சர் கிதாரை மட்டும் வாசித்தார். வெள்ளைப் பெட்டி கண்ணாடி மாதிரி இருந்தது. பச்சையைப் போட்டதும் சத்தம் கம்பளிக்குள்ளே இருந்து வருகிற மாதிரி மங்கல். கூடவே லேசான ‘உஸ்’. “வெள்ளைதான் டீச்சர், இதுல என்ன சந்தேகம்” என்றேன். பிரசாத்தும் தலையசைத்தார்.

“சரி, இப்ப முழுக் கெயின். அந்தோணி, நீ அடி.”

வெள்ளைப் பெட்டியைப் போட்டு ஓங்கி வாசித்ததும் கரகரவென்று வேண்டாத ஓர் உடைசல் வந்தது. டீச்சர் உடனே நிறுத்தினார். வெள்ளை வேண்டாம் என்று அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “இது பெட்டி தப்பா, நாம குடுக்கது தப்பா?” என்று பிரசாத்தைக் கேட்டார்.

பிரசாத் எழுந்து ஆம்ப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். “இந்தப் பெட்டி கிதார்ல இருந்து வர்ற சின்ன சிக்னலுக்குச் செஞ்சது. முருகேசன் வச்ச ஜாக்ல கெயின் முடிஞ்சு பெரிய சிக்னல் வருது. தாங்கல. குறைச்சுக் குடுக்கணும்” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கொண்டுபோயிருந்த சாமானில் இருந்து ஒரு வால்யூம் கன்ட்ரோலை எடுத்து, வெளியே போகிற ஜாக்குக்கு முன்னால் சால்டர் வைத்தேன். அளவைக் குறைத்ததும் உடைசல் நின்றது. இரண்டு பெட்டிக்கும் இப்போது ஒரே அளவு சிக்னல்.

“இப்பத்தான் ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்க முடியும்” என்ற டீச்சர், எங்கள் இரண்டு பேரையும் ஹாலின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். “எந்தப் பெட்டின்னு சொல்லமாட்டேன். நீங்களும் பாக்கக்கூடாது. பாட்டு கையவிட்டுப் போற மாதிரி இருந்தா கையத் தூக்குங்க.”

சுவரில் டைப்ரைட்டர் விசைப்பலகைப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. எத்தனையோ பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அதைப் பார்த்துக் கைகட்டி நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தோணி அடித்தான். டீச்சர் வாசித்தார். ஒரு முறை வாசித்தது சுகமாக இருந்தது. அடுத்த முறை, வேகமான இடத்தில், இன்னொரு கிதார்காரர் உள்ளே நுழைந்து தாளம் தப்பி வாசிக்கிற மாதிரி இருந்தது. கையைத் தூக்கினேன். பக்கத்தில் பார்த்தால் பிரசாத்தும் தூக்கியிருந்தார். டீச்சர் மறுபடி மாற்றி மாற்றி வாசித்தார். நாங்கள் கை தூக்கியதெல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் என்று அந்தோணி பின்னால் இருந்து கத்தினான். திரும்பிப் பார்த்தோம். வெள்ளை.

பிரசாத் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டுத் தெலுங்கு முதலில் வந்தது: “பாகுந்தி! ரொம்ப நல்லா இருக்கு டீச்சர். இத்தனை வருஷமா நான் ரூம்ல தனியா உக்காந்துல்ல இதைக் கேட்டிருக்கேன்.”

காரணத்தை டீச்சர் சொன்னார். கெயின் ஏற்றிய கிதார் ஏற்கெனவே காதை நிறைத்துவிடுகிறது. அதே கூர்மையில் எக்கோவும் வந்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. பச்சையில் எக்கோ மங்கலாக வருவதால் தானே ஒதுங்கிப் பின்னால் போய்விடுகிறது. கை ஓடும்போது அது இருப்பதே தெரியவில்லை. கையை நிறுத்தினால்தான் தெரிகிறது. நாங்கள் குறை என்று நினைத்த மங்கல்தான் இந்த வாசிப்புக்குத் தேவை. சுத்தமான மெல்லிய வாசிப்புக்கு வெள்ளைதான் அழகு என்பதையும் அவரே சொன்னார்.

ஆனால் பச்சையை எடுப்பதில் ஒரு நட்டம் இருந்தது. பாட்டின் நடுவே மெதுவான ஒரு பகுதி. நீண்ட இடைவெளியில் எக்கோ திரும்பி வர, அதன் மேல் டீச்சர் அடுத்த சுரத்தை ஏற்றிப் படிக்கட்டு மாதிரிக் கட்டியிருந்தார். அவருக்கு ரொம்பப் பிடித்த இடம். அத்தனை நீள இடைவெளி பச்சையில் கிடையாது.

அந்தோணிக்குத் தாங்கவில்லை. “பெட்டிக்குத் தக்கன பாட்ட மாத்துவாகளா டீச்சர்? அந்த எடந்தான உசுரு!”

டீச்சர் கிதாரைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவருக்கும் அது லேசாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு வந்து கிதாரை எடுத்துக்கொண்டார். “அந்த எடத்துல எக்கோ செஞ்சத நானே ரெண்டு கம்பியில சேத்து வாசிக்கேன். கஷ்டம்தான். பழகிக்கிடுவேன். வேகமான எடம் கூழாச்சுன்னா மெதுவான எடத்தக் கேக்க ஆளே இருக்காது அந்தோணி.”

அன்று சாயங்காலம் வரைக்கும் குமிழ்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எத்தனை தடவை திரும்பி வரவேண்டும்: இரண்டு மூன்று, அதற்கு மேல் வேண்டாம். எவ்வளவு சத்தமாக வரவேண்டும்: குமிழைக் கேட்கிற வரைக்கும் ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்கி. இடைவெளியை அந்தோணியின் ஸ்நேர் டிரம் அடியோடு ஒட்ட வைத்தார். சரியான இடம் வந்ததும், டைப் அடித்ததைத் திருத்துகிற வெள்ளைத் திரவத்தால் ஒவ்வொரு குமிழ் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தார். பெடலைக் கரன்டில் ஓட்டுகிற அடாப்டரைப் போட்டால் உறுமல் வந்தது; பேட்டரியில்தான் வாசிப்பது என்று முடிவு செய்தோம்.

பிரசாத் வெள்ளைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

5. பஞ்சு குடோன்

ஆண்டு விழா அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அய்யனார் கோவில் பக்கத்து மலையே தெரியவில்லை. மைதானத்து மேடை நனைந்துவிட்டது. நிகழ்ச்சியைக் காலியாக இருந்த பஞ்சு குடோனுக்குள் மாற்றிவிட்டார்கள்.

உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் வெறும் சுவர், மேலே தகரக் கூரை. ஒருவர் இருமினால் குடோன் முழுக்க இருமியது. டீச்சர் நடுவில் போய் நின்று ஒரு முறை கை தட்டினார். அந்தத் தட்டு ஒவ்வொரு மூலையாகப் போய்த் திரும்பி வந்தது. அவர் மூலைக்கு மூலை நடந்து மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தார்.

சுந்தரம் அண்ணாச்சி பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: “இன்னைக்கு விட்டுரும்மா. உங்கமேல தப்பு சொல்லமாட்டேன். கூரையே எம்புட்டு எக்கோ குடுக்குது பாருங்க. பொங்கலுக்குப் பாத்துக்கிடுவோம்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். நானாக இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். டீச்சர், “செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. ஆளுக வந்து உக்காரட்டும். கூட்டம் சத்தத்தக் கொஞ்சம் குடிச்சிரும்” என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தோணி விறுவிறுவென்று வெளியே போனான். திரும்பி வரும்போது ஷிஃப்டு முடிந்த ஆட்கள் கூட வந்தார்கள். கழிவுப் பஞ்சு மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வந்து மேடைக்குப் பின்னால் சுவர் மறைய அடுக்கினார்கள். எதிர்ச் சுவர் ஓரத்திலும் ஒரு வரிசை. “சத்தத்த இது விடாது டீச்சர். பஞ்சு பிரிக்கிற புளோ ரூம்ல மூட்ட அடுக்குன பக்கம் நின்னு பேசுனா காதுலயே விழாது” என்றான். பிரமாதமான யோசனை. நான் ஆம்ப் பாக்ஸைத் தரையில் இறக்கி, கூரையைப் பார்க்காமல் ஆட்களைப் பார்க்கும்படி வைத்தேன். டீச்சர் மறுபடி கை தட்டினார். தட்டு இன்னும் திரும்பி வந்தது, ஆனால் முன்னைப் போல இல்லை.

மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாததால் அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். நூல் சுற்றுகிற ஒயின்டிங் செக்ஷன் பெண்கள் பின்னால் நின்றார்கள். சினிமாப் பாட்டுகள் முடிந்தன. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கிதாரை மாட்டிக்கொண்டு நின்றார்.

பாட்டின் முதல் பகுதி முழுவதும் அவர் பெடலை மிதிக்கவே இல்லை. அத்தனை பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த பெட்டி காலடியில் சும்மா கிடந்தது. குடோன் கொடுத்த எக்கோவே போதும் என்று விட்டுவிட்டார். முழுக் கெயினில், ஒவ்வொரு சுரத்தையும் கையின் அடிப்பக்கத்தால் கம்பியை அமுக்கிச் சின்னதாக வெட்டி வாசித்தார். அந்தோணியின் அடியும் அதுவும் ஒரே மிஷினில் இருந்து வருகிற மாதிரி இருந்தது. முன்னால் இருந்தவர்களின் கால் ஆடத் தொடங்கியது.

மெதுவான பகுதிக்குமுன் குனிந்து, எக்கோவின் சத்தத்துக்கான குமிழைப் பொட்டுக்குக் கீழே இறக்கினார். பிறகுதான் பெடலை மிதித்தார். இரண்டு கம்பியில் சேர்த்து வாசித்த அந்த இடம், இன்ஸ்டிடியூட்டில் கேட்ட பழைய படிக்கட்டைவிட எனக்குப் பிடித்திருந்தது. எக்கோ செய்யவேண்டியதைக் கை செய்தது; அதில் ஒரு நடுக்கமும் ஒரு உயிரும் இருந்தன. அதிலிருந்து லீட் எழும்பியது. வேகம் கூடக்கூட ஒரு சுரமும் கூழாகவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் மட்டும் பின்னால் இருந்து யாரோ மெல்லத் திருப்பிச் சொல்வது மாதிரிக் கேட்டு மறைந்தது.

கடைசிச் சுரத்தை அடித்துவிட்டுக் கம்பியைக் கையால் மூடினார். ஒரு எக்கோ வந்தது. அடுத்தது அதைவிட மங்கலாக வந்தது. மூன்றாவது கேட்டதா என்று நிச்சயமில்லை. வெளியே மழைச் சத்தம் கேட்டது. அப்புறம் பின்னால் நின்ற பெண்கள்தான் முதலில் தட்டினார்கள். விசில் பறந்தது. தகரக் கூரை அதிர்ந்தது.

சுந்தரம் அண்ணாச்சி கீபோர்டின் மேல் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். கைதட்டல் அடங்கினதும் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

“ஏலே அந்தோணி, திரும்ப எடு. நான் பாட்டக் கேக்கவா, கீபோர்டுல கூட வாசிக்கவான்னு யோசிச்சே நேரத்த விட்டுட்டேன். டீச்சர், இன்னொரு தடவ. இந்தத் தடவ நானும் வாரேன்.”

மறுபடி வாசித்தார்கள். மதுரையில் இருந்து யாரையும் கூப்பிடவில்லை.

6. இளைய சவுண்ட்காரர்களுக்கு

அந்த சீசன் முழுக்க டீச்சர் லீட் வாசித்தார். சிவகாசி, சங்கரன்கோவில், ஆலங்குளம் எல்லாம் போனோம். ஊருக்கு ஊர் மேடை மாறும். போய் இறங்கினதும் அவர் கை தட்டிப் பார்ப்பார். பொட்டுக்கு மேலேயா கீழேயா என்று அதன் பிறகுதான் முடிவு செய்வார். பல வருடம் ஆனபின் தம்பியோடு கோயமுத்தூருக்குக் குடிபோனார். அங்கேயும் வாசிக்கிறார் என்று அந்தோணி சொல்லுவான்.

அதற்குப் பிறகு நான் கட்டிய ஒவ்வொரு கிதார் ஆம்ப்பிலும் பின்பக்கம் அந்த இரண்டு ஜாக்கும் வால்யூம் கன்ட்ரோலும் இருந்தன. “பொறவு பாத்துக்கிடுவோம்” என்று போனவர்களும் திரும்பி வந்து ஆம்ப் கேட்டார்கள். எதற்கு இது என்று கேட்டால் அரைப்பதையும் தாளிப்பதையும் சொல்லிப் புரியவைப்பேன்.

காலம் போகப்போகக் கடைகளில் விதவிதமான டிலே பெட்டிகள் வந்தன. இளைஞர்கள் என் கடைக்கு வந்து, “அண்ணே, கெயின் நிறைய வச்சு வாசிக்கிறோம். எந்த டிலே வாங்கலாம்?” என்று கேட்பார்கள். கையில் விளம்பரத் தாள் இருக்கும். எத்தனை நொடி, எத்தனை வகை, எத்தனை குமிழ் என்று அடுக்குவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். இந்தப் பெட்டி நல்லது, அந்தப் பெட்டி கெட்டது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

“உங்க கூட டிரம்ஸ் வாசிக்கிறது யாரு?” என்று கேட்பேன்.

பெயரைச் சொல்வார்கள்.

“அவரையும் கூட்டிட்டு வாங்க. அவர் அடிக்கட்டும். அப்ப பாப்போம்.”